ரோட்டரி இன்ஜினுக்கு எந்த போர்ட்?

கேள்வி: வீட்டில் கட்டும் விமானத்துக்கு மாஸ்டா 13பி ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்வது) பொருத்துகிறேன். காற்று நுழையும் வழியைப் பக்கத் தகட்டிலேயே விடலாமா, ரோட்டரைச் சுற்றியுள்ள உறையான ரோட்டர் ஹவுசிங்கைத் துளைத்து பெரிபெரல் போர்ட் போடலாமா?

பதில்: பெரிபெரல் போர்ட் போட்டால் ஐடிலில், அதாவது சுமையின்றி மெதுவாக ஓடும்போது, இன்ஜின் உதறும். உள்வழியும் வெளிவழியும் சேர்ந்தே நெடுநேரம் திறந்திருப்பதால், எரிந்த புகை புதுக் கலவையோடு கலந்துவிடுகிறது. காருக்கு அது தொல்லை. விமானத்திலோ இன்ஜின் பெரும்பாலும் 6,000 ஆர்பிஎம் அருகே ஓடும், 2.85:1 கியர்பாக்ஸ் வழியே புரொப்பெல்லருக்குச் சுமார் 2,100 கிடைக்கும். அந்த வேகத்தில் உதறல் இருக்காது, காற்றும் வளைவில்லாமல் நேராக நிறைய நுழையும்.

ஆபத்து துளையில்தான். அது கூலன்ட் அறையின் ஊடே போகிறது. அலுமினியக் குழாயைச் செருகி எபாக்ஸியோ வெல்டிங்கோ செய்தபின், அந்த அறைக்குக் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்காமல் இன்ஜினைப் பூட்டவே பூட்டாதீர்கள். குழாயின் உள்விளிம்பு ஹவுசிங் பரப்பைவிட மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் ரோட்டர் முனையிலுள்ள அடைப்புப் பட்டையான அபெக்ஸ் சீல் அதில் தட்டி உடையும். சமமாக்கி விளிம்பை மழுக்குங்கள்.

முதல் இன்ஜின் என்றால் பக்க போர்ட்டே போதும். எக்ஸாஸ்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம்: ரோட்டரியின் புகை மிகச் சூடானது, துடிப்பும் கடுமை. சாதாரண இரும்பு மஃப்ளர் விரைவில் வெடித்துவிடும். 321 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது இன்கோனல் (சூடு தாங்கும் நிக்கல் கலப்பு உலோகம்) குழாய் வாங்குங்கள்.