குளோன் குழந்தைக்கு ஆன்மா உண்டா? ஒழுக்க இறையியல் கற்பிக்கும் அருட்தந்தையின் பதில்கள்

கேள்வி: ஃபாதர், குளோனிங்கில் பிறக்கும் குழந்தைக்கு ஆன்மா இருக்குமா?

பதில்: இருக்கும். குளோன் என்பது ஓர் உயிரின் மரபணுக்களை அப்படியே கொண்டு உருவாக்கப்படும் நகல். ஒரே கரு பிரிந்து பிறக்கும் இரட்டையருக்கு ஆளுக்கோர் ஆன்மா இருப்பதை நீங்கள் சந்தேகிப்பதில்லையே? பிறந்த பிள்ளைமீது குற்றமில்லை. ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்தால் கொடுப்பேன்.

கேள்வி: பிறகு திருச்சபை ஏன் எதிர்க்கிறது?

பதில்: 1996இல் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிலையத்தில் டாலி என்ற குளோன் ஆட்டைப் பெற 277 முறை முயன்றார்கள், பிறந்தது ஒன்றுதான். மனிதரிடம் இதைச் செய்தால் வீணாகும் கருக்களுக்கு யார் பொறுப்பு? எல்லா முயற்சியும் பலித்தாலும் என் பதில் மாறாது. இறந்த மகனையே திரும்பக் கேட்டுப் பெறப்படும் பிள்ளைக்குத் தானாக வாழ இடமேது? பலர் கவனிக்காத ஒன்று: வத்திக்கானின் 2008ஆம் ஆண்டு ‘டிக்னிட்டாஸ் பெர்சொனே’ ஆவணம், சிகிச்சைக்கென்றே குளோனிங்கில் கருவை உருவாக்கி அழிப்பதை, பிள்ளை பெறக் குளோன் செய்வதைவிடக் கொடியது என்கிறது.

கேள்வி: கூடலூரில் செவிலியராக இருக்கிறேன். இங்குள்ள பழங்குடியினரிடம் அரிவாள் செல் இரத்தசோகை என்ற பரம்பரை இரத்த நோய் உண்டு. மரபணுத் திருத்தச் சிகிச்சை பாவமா?

பதில்: இல்லை அம்மா. 2023இல் பிரிட்டன் அனுமதித்த சிகிச்சையில் நோயாளியின் இரத்த ஸ்டெம் செல்களையே (இரத்த அணுக்களை உண்டாக்கும் மூல செல்கள்) எடுத்து, வெளியே திருத்தி, கீமோ மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்தபின் திரும்பச் செலுத்துகிறார்கள். கரு எதுவும் அழிவதில்லை. மாற்றம் அவருடைய பிள்ளைகளுக்குப் போவதுமில்லை. இத்தகைய சிகிச்சையை அதே ஆவணம் கொள்கையளவில் ஏற்கிறது. செலவுதான் ஏழைக்கு எட்டாதது. என்னைக் கேட்டால் அங்கேதான் பாவத்தைத் தேட வேண்டும்.

2018இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் செய்தது வேறு. எச்.ஐ.வி. தொற்றாதிருக்க என்று கருவிலேயே மரபணுவைத் திருத்தினார். தந்தையின் தொற்று பிள்ளைக்கு வராமல் தடுக்கும் வழி ஏற்கெனவே இருந்தது. பிறந்த குழந்தைகளின் சந்ததிக்கும் அந்த மாற்றம் போகலாம். அவருக்கு மூன்றாண்டு சிறை கிடைத்தது. ‘கடவுள் வேலையில் கைவைக்கிறார்கள்’ என்று இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

கேள்வி: குளோன் மனிதருக்கு ஆன்மா உண்டா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஆதாமின் விலா எலும்பிலிருந்து வந்த ஏவாள்தானே முதல் குளோன்?

பதில்: குளோன் என்றால் இன்னோர் ஆண் அல்லவா வந்திருப்பான்!

மறுகேள்வி: ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய் குரோமோசோம்; பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். கடவுள் ஒய் குரோமோசோமை நீக்கி எக்ஸை இரட்டித்திருக்கலாமே?

பதில்: இரட்டித்தால் அது குளோனே இல்லை தம்பி. தொடக்கநூல் ஆய்வுக்கூடக் குறிப்பேடு அல்ல. ‘என் எலும்பின் எலும்பு’ என்று ஆதாம் மகிழ்வது துணை கிடைத்ததற்காக.

இடையில் இன்னொருவர்: அப்படியானால் இயேசுவின் பிறப்பு, ஆணின்றி நிகழும் இனப்பெருக்கமா?

பதில்: அப்படி மனிதரில் நடந்தால் பெண் குழந்தைதான் பிறக்க வேண்டும், ஒய் எங்கிருந்து வரும்? விசுவாசத்துக்கு உயிரியலை முட்டுக் கொடுக்காதீர்கள். இதே விவாதத்தில் இன்னும் ஆறு கேள்விகள் வந்திருக்கின்றன. எதற்கும் பதில் இல்லை.

கேள்வி: நாங்கள் சி.எஸ்.ஐ. வத்திக்கான் சொன்னால் எங்களுக்கென்ன?

பதில்: நியாயம்தான். உங்கள் புரொட்டஸ்டன்ட் பக்கம் ஒரே குரல் இல்லை. அமெரிக்க மெதடிஸ்ட் அறிஞர் பால் ராம்சே 1970லேயே குளோனிங்கை எதிர்த்தார். எபிஸ்கோபல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) குருவாக இருந்த ஜோசப் ஃபிளெட்சர் ஆதரித்தார். உங்கள் ஆயரிடம் கேளுங்கள்.

கேள்வி: மனிதக் குளோன் பிறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்ததே?

பதில்: 2002இல் குளோனெய்ட் என்ற நிறுவனம் அப்படித்தான் அறிவித்தது. ஆதாரம் இன்றுவரை இல்லை.

கேள்வி: குளோனுக்கு ஆன்மா...

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஹரியானாவின் கர்னாலில் 2009இல் எருமையைக் குளோன் செய்தார்களாமே. அப்படிப்பட்ட எருமையின் பாலைக் குடிக்கலாமா?

பதில்: ஒழுக்க இறையியலில் தடையில்லை. காய்ச்சிக் குடியுங்கள்.