வேலூரில் ஒரே ஊர்க் கல்லூரிகளுக்குள் பி.இ. கட்டணம் ஏன் மலைக்கும் மடுவுக்குமாய் இருக்கிறது?

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், எங்கே சேர்ப்பது, கட்டணம் ஏன் இப்படி மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விஐடி 1984-ல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதாவது தானே பட்டம் வழங்கும் நிறுவனம் ஆனது. அதனால் அரசு கவுன்சிலிங்கில் வராது. சொந்த நுழைவுத் தேர்வு. ரேங்க் பின்னால் போகப் போகக் கட்டணப் பிரிவு ஏறும்.

அண்ணா பல்கலையோடு இணைந்த சுயநிதிக் கல்லூரிகளின் கதை வேறு. 2007 முதல் நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ கட்ஆஃப்தான். சிறுபான்மையினர் கல்லூரி 50%, மற்றவை 65% இடங்களைக் கவுன்சிலிங்குக்குத் தர வேண்டும். அந்த இடங்களுக்கான கட்டணத்தை அரசு அமைத்த கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. ஆகவே கவுன்சிலிங் முடியும் முன்பே, கல்லூரி தானே நிரப்பும் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். தவணை தேதி சொல்லி அவசரப்படுத்துவார்கள்; என் தங்கை வீட்டில் அப்படித்தான் நகை அடகுக்குப் போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியா? அப்படியென்றால் 2021-ல் வந்த 7.5% ஒதுக்கீட்டை முதலில் பாருங்கள். அதில் இடம் கிடைத்தால் படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கட்டணச் சலுகைக்காகத் தாலுகா அலுவலகச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள்.

குடியாத்தத்திலிருந்து தினமும் வருவதானால் கல்லூரி பஸ் கட்டணம் தனி. நான்கு வருடத்துக்கும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள்.