நாலு நாளில் ஆறு ஊரா? தென்காசியிலேயே தங்குங்கள்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், முழங்கால் வலியோடு எழுபது வயதைத் தாண்டிய மாமியார். சுதந்திர தின விடுமுறையை ஒட்டி நாலு நாள் குற்றாலம் பக்கம் போவதாக முடிவாகியிருக்கிறது. கணவர் எக்செல் ஷீட்டே போட்டுவிட்டார். முதல் நாள் குற்றாலத்து அருவிகள் எல்லாம், மறுநாள் பாபநாசம், மணிமுத்தாறு, மூன்றாம் நாள் திருச்செந்தூர், கன்னியாகுமரி, நாலாம் நாள் திருவனந்தபுரம். செலவு மிச்சம் என்று சமையலறையோடு ஒரு வீடும் பார்த்து வைத்திருக்கிறார். பட்டியலைப் பார்த்ததுமே எனக்கு அலுப்பு வந்துவிட்டது. பசுமையாக ஓர் இடத்தில் கொஞ்ச நாள் சும்மா இருக்க ஆசை. இது சோம்பேறித்தனமா? எப்படித் திட்டம் போடுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: சோம்பேறித்தனமெல்லாம் இல்லை. அந்த ஷீட்டில் மூன்றாம் நாளையும் நாலாம் நாளையும் முதலில் அழித்துவிடுங்கள். தென்காசியிலிருந்து கன்னியாகுமரி நூறு கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரத்துக்கு மலைப்பாதையில் போக வேண்டும். முழங்கால் வலிக்காரரை இரண்டு நாள் தொடர்ந்து காரில் மடக்கி உட்கார வைத்தால், மூன்றாவது நாள் நீங்கள் அவருக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அறையில்தான் இருப்பீர்கள். அதுவும் ஒருவகையில் சும்மா இருப்பதுதான், ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே.

அடுத்து தேதி. குற்றாலத்து சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அதற்குள் சுதந்திர தின வாரம்தான் மிக மோசமான தேர்வு. சாதாரண சனி, ஞாயிறுக்கே பேரருவியில் வரிசை நிற்கும். தொடர் விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம். சாரலும் ஆகஸ்ட் பாதியில் சில வருடம் மெலிந்துவிடுகிறது. ஜூலையில் ஏதாவது ஒரு ஞாயிறு ராத்திரி ரயில் ஏறி, திங்கள் காலை இறங்கி, வியாழன் மாலை திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசை, ஆடிப்பெருக்கு நாட்களைக் காலண்டரில் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். மகனுக்கு நாலு நாள் பள்ளி போகும். எட்டாம் வகுப்புதானே, ஒன்றும் குடிமுழுகிவிடாது.

மேற்கே கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும். தென்காசிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு பக்கம் மலைத்தொடரில் ஓர் இடைவெளி. அந்த வாசல் வழியாகக் காற்றும் பொடிமழையும் இந்தப் பக்கம் வந்துவிடும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் தூறல் விழும், ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும், மறுபடி விழும். இதை அனுபவிக்க எங்கேயும் போக வேண்டியதில்லை. ஒரு திண்ணையோ மொட்டை மாடியோ இருந்தால் போதும். அதனால்தான் எந்த அருவிக்குப் போவது என்பதைவிட எங்கே தங்குவது என்பதை முதலில் யோசிக்கச் சொல்கிறேன்.

குற்றாலம் பஜாருக்குள் தங்காதீர்கள். ஹாரன் சத்தம், எண்ணெய் வாடை, குரங்குத் தொல்லை. கையில் பழப்பையோடு நீங்கள் நடந்து போனால் அதைப் பத்து அடி கூடக் கொண்டுபோக விடாது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இலஞ்சி, மேலகரம் பக்கம் பாருங்கள். இலஞ்சியைச் சுற்றி வயல், எதிரே மலை, நடுவில் குமாரர் கோயில். தென்காசிக்குப் போனாலும் அருவிக்குப் போனாலும் சில கிலோமீட்டர்தான். போனில் அறை பேசும்போது நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமா பக்கத்து லாட்ஜின் சுவர் தெரியுமா, வெளியே நாற்காலி போட்டு உட்கார இடம் இருக்கிறதா. சீசனில் வாடகை ஏறும். வார நாட்கள் என்று சொல்லிப் பேரம் பேசலாம். 'எங்களுக்கே சொந்தமாக அருவி இருக்கிறது' என்று யாராவது சொன்னால் வேறு இடம் பாருங்கள். ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டியவர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே சொல்ல வேண்டிவந்தது.

அப்புறம் அந்தச் சமையலறை வீடு. குற்றாலத்துக்குக் கும்பலாகப் போய் வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவது நம் பக்கம் பழைய வழக்கம். இருபது பேர் போய், நாலு பேர் காய் நறுக்கி, ஆண்களும் அடுப்படியில் நின்றால் அது ஒரு திருவிழா. நீங்கள் போவதோ நாலு பேர். அதில் ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவன் பள்ளிக்கூடப் பையன். மீதி இருவரில் யார் காலை ஆறு மணிக்கு இட்லித் தட்டோடு நிற்பார் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? மிச்சமாகும் பணம் உங்கள் உழைப்பிலிருந்து மிச்சமாவது. இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அத்தைக்குச் சுக்கு வெந்நீர் போட ஒரு மின்சாரக் கெட்டில் போதும்.

தினமும் ஒரே ஒரு முறை வெளியே போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் காலையில். விடிந்ததும் கிளம்பினால் அருவி கிட்டத்தட்ட உங்களுக்கே. பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, தூங்கி எழுந்தால் மாலைத் தூறலுக்குச் சரியாக இருக்கும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் எண்ணி முடிப்பதில் ஒரு சுகமும் இல்லை. ஒரு நாள் பேரருவி. மேலிருந்து விழும் தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் இறங்கி, வேகம் குறைந்து கீழே வருவதால்தான் அத்தனை உயரத்து அருவியில் நம்மால் தலை கொடுத்து நிற்க முடிகிறது. பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. இன்னொரு நாள் புலியருவி. சின்னது, கூட்டமும் குறைவு. அத்தை பயமில்லாமல் நனைய அதுதான் சரி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது உங்கள் கணவரின் வேலை, உங்களுடையது இல்லை. அருவிகளில் சோப்பு, ஷாம்புக்குத் தடை இருக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமலும் விட முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். நாம் நிற்கும் இடத்தில் வெயிலாக இருக்கும், மேலே காட்டுக்குள் கொட்டியிருக்கும். தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, காவலர் விசில் ஊதினாலோ மறுபேச்சு இல்லாமல் வெளியே வந்துவிட வேண்டும். 'இன்னும் ரெண்டு நிமிஷம்ப்பா' என்று மகன் கெஞ்சினாலும்தான். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள். அன்றைக்குத் தூர நின்று பாருங்கள். பார்ப்பதற்கு அதுதான் அழகு.

அருவி வேண்டாம் என்று தோன்றும் நாளுக்கு என் சிபாரிசு, திருநெல்வேலி போகும் பாசஞ்சர் ரயில். தென்காசியில் ஏறி வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். பாவூர்சத்திரம், கீழக்கடையம், ஆழ்வார்குறிச்சி என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போகும். வயலும் குளமும் பனையும் மாறிக்கொண்டே இருக்கும், மலை மட்டும் கூடவே வரும். அம்பாசமுத்திரத்தில் இறங்கித் தாமிரபரணியில் கால் நனைத்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிடலாம். அத்தைக்குப் படி ஏறும் வேலை அதிகம் இல்லை, உங்களுக்கு யாரும் எதையும் விளக்க மாட்டார்கள். பாரதியில் ஆர்வம் உள்ளவர் என்றால் வழியில் கடையத்தில் இறங்கலாம். அது செல்லம்மாவின் ஊர். 1918 இறுதியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்த பிறகு சுமார் இரண்டு வருடம் பாரதி அங்கேதான் இருந்தார். ஊருக்கு வெளியே நித்யகல்யாணி அம்மன் கோயில் பக்கம் நின்று மலையைப் பார்த்தால், அந்த மனிதருக்கு அங்கே கொஞ்சமாவது நிம்மதி கிடைத்திருக்கும் என்று நம்பத் தோன்றும்.

சூரியகாந்தி வயல் பார்க்கச் சுந்தரபாண்டியபுரம் போகச் சொல்லி எல்லோரும் உங்களை விரட்டுவார்கள். தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டர் போல. பூத்திருந்தால் போங்கள், ஜூலை கடைசி, ஆகஸ்டில் பெரும்பாலும் இருக்கும். போட்டோவுக்காகச் செடிகளுக்கு நடுவே இறங்காதீர்கள். அது ஒருவருடைய விளைச்சல். பூக்காவிட்டாலும் நஷ்டமில்லை, அந்த வழியில் டவுன் பஸ்ஸில் போய்வருவதே நன்றாக இருக்கும். நீங்களும் அத்தையும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் இலவசமாகப் போகலாம். செலவு மிச்சம் என்று கணவரிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒரு சாயங்காலம் தென்காசிக் கோயில். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. பிற்காலத்தில் இந்தக் கோயிலைப் பழுது பார்த்துக் காப்பவர்களின் பாதத்தில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டிலேயே எழுதி வைத்த ராஜா. சீசனில் கோபுர வாசலில் நுழையும்போது காற்று ஆளையே தள்ளும். சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அசைவம் உண்டென்றால் பிரானூர் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, எல்லை அங்கே இருந்தது. எல்லை மேற்கே புளியரைப் பக்கம் போய்விட்டது, பரோட்டாக் கல் மட்டும் நகரவில்லை. பழக்கடைகளில் மங்குஸ்தான் வாங்குங்கள். முட்டைப்பழம் மகனுக்கு ஒன்று வாங்கிக்கொடுத்து அவன் முகத்தைப் பாருங்கள். துரியனை விலை கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி உங்கள் கணவர். ஷீட் போடுகிறவரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது, நாளைக்கு டிக்கெட் எடுப்பவர் அவர்தான். அவருக்கு ஒரு முழு நாளைக் கொடுத்துவிடுங்கள். மகனோடு செங்கோட்டையிலிருந்து புனலூர்ப் பக்கம் போகும் மலை ரயிலில் போகட்டும். 1904இல் திறந்த பாதை. பகவதிபுரம் தாண்டியதும் நீளமான சுரங்கம், அப்புறம் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். 2010இல் மீட்டர் கேஜை மாற்ற மூடி, 2018இல்தான் முழுதாகத் திறந்தார்கள். இரண்டு பேருக்கும் பேச அத்தனை விஷயம் இருக்கிறது. பகலில் போகும் வண்டியாகப் பார்த்து ஏறச் சொல்லுங்கள், இருட்டில் போனால் சுரங்கமும் ஒன்றுதான் வெளியும் ஒன்றுதான். பாபநாசம் போயே ஆக வேண்டும் என்றால் அதுவும் அதே கணக்கில், வேறொரு நாளில் அவர்கள் இருவர் மட்டும். அகஸ்தியர் அருவி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள். சில நாட்கள் அனுமதி இருக்காது, முதல்நாளே விசாரித்துவிடட்டும்.

அத்தைக்கும் உங்களுக்கும் அன்றைக்கு லீவு. அவர் மதியம் தூங்குவார். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் அதுவும் ஒரு ஷீட் ஆகிவிடும்.

சீசனில் துணி காயாது, ஈரம் இரண்டு நாள் அப்படியே இருக்கும். மெல்லிய துண்டுகள், ஒரு நைலான் கயிறு, அத்தைக்குப் பிடிமானமுள்ள செருப்பு, ஒரு சால்வை. ஜீன்ஸ் வேண்டாம்.

எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ராத்திரி கிளம்பிக் காலையில் தென்காசி சேரும். திரும்பும் வண்டி செங்கோட்டையில் மாலையில் புறப்படும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. சீசனில் கீழ் பெர்த் சீக்கிரம் போய்விடும், எனவே அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு உங்கள் கணவரைக் கணினி முன்னால் உட்கார வையுங்கள். அவருக்கும் அது பிடித்த வேலைதான்.