பொழுதுபோக்காக விற்ற நாணயங்களுக்கும் வருமான வரி உண்டா?

கேள்வி: பல ஆண்டுகளாகப் பழைய நாணயங்களைச் சேகரித்து வருகிறேன். ஒன்றுக்கு மேல் இருப்பவற்றை அவ்வப்போது விற்று, அந்தப் பணத்தில் வேறு நாணயங்களை வாங்கிவிடுகிறேன். சில நாணயங்கள் தாத்தா விட்டுச் சென்றவை. இது தொழில் அல்ல, பொழுதுபோக்குதான். இதற்கும் வரி கட்ட வேண்டுமா?

பதில்: பொழுதுபோக்கு என்ற ஒரே காரணத்துக்காக எந்த லாபத்துக்கும் வரிவிலக்குக் கிடைத்துவிடாது. கிடைத்த பணத்தை மறுபடியும் நாணயங்களிலேயே போட்டுவிட்டீர்கள் என்பதாலும் பொதுவாக வரி நீங்குவதில்லை; விற்ற அன்றே லாபம் கணக்கில் ஏறிவிடுகிறது.

சலுகைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் நாணயங்களின் லாபத்துக்கு அதிகபட்சமாக 28 சதவீதம் வரி விதிக்கப்படலாம். பங்குகளுக்கான உச்ச விகிதமான 20 சதவீதத்தைவிட இது அதிகம். ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை மாற்றிக்கொள்வதும் அங்கே விற்பனையாகவே கருதப்படும். ஜெர்மனியில், வியாபாரமாகச் செய்யாத தனிநபர் ஓராண்டு கழித்து விற்றால் வரி இல்லை. பிரிட்டனில் 1837 முதல் அச்சிடப்பட்ட தங்க சாவரின் நாணயங்கள், அந்நாட்டின் சட்டப்படி செல்லும் பணம் என்பதால், மூலதன ஆதாய வரிக்கு, அதாவது சொத்தை விற்ற லாபத்துக்கான வரிக்கு, உட்படுவதில்லை.

எங்கே இருந்தாலும், அடிக்கடி வாங்கி, விளம்பரம் செய்து, லாப நோக்கோடு விற்கத் தொடங்கினால் வரித்துறை உங்களை வியாபாரியாகவே பார்க்கக்கூடும். அப்போது செலவுகளைக் கழிக்க வழி விரிவடையும். ஆனால் பொறுப்புகளும் கூடும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது கொள்முதல் கணக்கைத்தான். வரி, விற்ற தொகை முழுவதற்கும் அல்ல, அதிலிருந்து வாங்கிய விலையையும் விற்பனைக் கமிஷன் போன்ற செலவுகளையும் கழித்த மீதிக்குத்தான். ஆனால் வாங்கிய விலைக்குச் சான்று இல்லையென்றால், அந்தக் கழிவை வரி அதிகாரி ஏற்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. எனவே ஒவ்வொரு நாணயமும் இருக்கும் உறையின் மீதே, வாங்கிய தேதி, விலை, ரசீது எண் ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். மொத்தமாக ஒரு தொகுப்பை வாங்கி அதில் ஒன்றை மட்டும் விற்கும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். வாங்கிய நாளில் அந்தத் தொகுப்பின் மதிப்பில் பாதி அந்த ஒரு நாணயத்தினுடையது என்றால், நீங்கள் கொடுத்த விலையில் பாதியை அதன் அடக்கவிலையாகக் கொள்வதே நியாயமான முறை. தொகுப்பைப் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்து, அன்றைய விலைப்பட்டியலையும் சேர்த்துவைத்தால், பின்னாளில் இந்தப் பங்கீட்டை விளக்குவது எளிது.

தாத்தாவின் நாணயங்களுக்கு வேறு கணக்கு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அவர் காலமான நாளின் சந்தை மதிப்பே உங்கள் அடக்கவிலை. வேறு சில நாடுகளில் அவர் வாங்கிய விலையே தொடரும். அவர் காலமான நாளின் மதிப்பு தேவைப்பட்டால், அதை நாணய மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்துமூலமாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

முந்தைய ஆண்டுகளில் இந்த லாபத்தைக் காட்டாமல் விட்டிருந்தால், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் நாட்டுச் சட்டம் அறிந்த வரி ஆலோசகரிடம் கணக்கைக் காட்டி, திருத்திய படிவத்தை நீங்களாகவே தாக்கல் செய்யுங்கள். தாமாக முன்வருபவர்களுக்கு அபராதத்தைக் குறைக்கப் பல நாடுகளின் சட்டங்களில் இடமுண்டு.