டெவலப்பை ஸ்டேபிளில் மெர்ஜ் செய்ததும் முடியாத வேலையெல்லாம் உள்ளே வந்துவிட்டது

வற் வரித் திருத்தம் ஒன்றுக்காக, கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வேலை நடக்கும் டெவலப் கிளையை வெளியீட்டுக்கான ஸ்டேபிள் கிளையில் மெர்ஜ் செய்தபோது (சேர்த்தபோது), முடியாத அறிக்கைப் பக்கமும் வந்துவிட்டது, அதை எப்படி நீக்குவது என்று கேட்கிறீர்கள். ஸ்டேபிளில் 'கிட் ரிவேர்ட் -எம் 1' என்று கொடுத்து, மெர்ஜ் கொமிட்டின் (இரு கிளைகளையும் சேர்த்த பதிவின்) ஹாஷை, அதாவது அதன் அடையாளக் குறியீட்டைச் சேர்த்து இயக்குங்கள். அந்த மெர்ஜ் கொண்டுவந்த மாற்றங்களை இது நீக்கும். பிறகு வற் வரித் திருத்தத்தை மட்டும் 'கிட் செரி-பிக் -எக்ஸ்' (குறிப்பிட்ட கொமிட்டை மட்டும் பிரதி எடுக்கும் கட்டளை) மூலம் எடுங்கள். ஃபோர்ஸ் புஷ் (பொதுக் கிளையின் வரலாற்றை வலுக்கட்டாயமாக மாற்றி எழுதுவது) வேண்டவே வேண்டாம். புறக்கோட்டைக் கடைகளுக்குப் போகும் பில் மென்பொருள் இந்தக் கிளையிலிருந்துதான் பில்ட் ஆகிறது என்கிறீர்கள், மற்றவர்களும் அதை புல் செய்திருப்பார்கள் (தங்கள் கணினிக்கு எடுத்திருப்பார்கள்).

18 சதவீத வற் கணக்கின் ரவுண்டிங் திருத்தத்தை டெவலப்பில் செய்ததுதான் காரணமாக இருக்கும். மெர்ஜ் ஒரு கொமிட்டை மட்டும் கொண்டுவராது. அந்தக் கிளையில் இருக்கும் எல்லாமே வரும்.

முதலில் 'கிட் லொக் --கிராஃப் --வன்லைன்' பாருங்கள். இரண்டு கோடுகள் ஒரு கொமிட்டில் சேராவிட்டால் அது ஃபாஸ்ட்-ஃபோர்வர்ட், அதாவது தனி மெர்ஜ் கொமிட் இல்லாமல் கிளை முன்னே நகர்ந்திருக்கிறது. -எம் 1 வேலை செய்யாது, கொமிட்டுகளை ஒவ்வொன்றாக ரிவேர்ட் செய்ய வேண்டும்.

கவனம் தேவைப்படும் இடம் இதுதான்: ரிவேர்ட் செய்த பிறகும் அந்தக் கொமிட்டுகள் ஏற்கெனவே வந்துவிட்டதாகவே கிட் கருதும். அடுத்த வெளியீட்டுக்கு டெவலப்பை மெர்ஜ் செய்தால் உங்கள் புதிய அறிக்கைப் பக்கம் வரவே வராது, எரரும் காட்டாது. அதனால் செரி-பிக்குக்கு முன்பே ஸ்டேபிளை டெவலப்பில் மெர்ஜ் செய்து, அங்கே அந்த ரிவேர்ட் கொமிட்டையே ரிவேர்ட் செய்துவிடுங்கள்.

இனி அவசரத் திருத்தங்களுக்கு ஸ்டேபிளிலிருந்தே கிளை பிரியுங்கள்.