திசு வளர்ப்பு ஜெர்பரா நாற்றுகளுக்கு வேர் உட்பூசணம் (வேம்) இட்டால் உண்மையில் பலன் உண்டா?

ஆய்வகக் குடுவையில் வளர்த்து வெளியே எடுத்த ஜெர்பரா பூச்செடி நாற்றுகள் வாடிப்போய், யாரோ சொன்னதை நம்பி ஒரு பொட்டலம் வேம் வாங்கி இட்டு, அதற்கும் தேறாமல்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேம் என்பது செடியின் வேருக்குள் குடியேறி அதற்கு உதவும் பூஞ்சை. பலன் உண்டு. ஆனால் முதல் பத்து நாளில் சாகும் செடியை அது காப்பாற்றாது. குடுவைக்குள் ஈரத்திலேயே வளர்ந்த இலைக்குத் தன் துளைகளைச் சரியாக மூடத் தெரியாது. மூடாக்கும் ஈரப்பதமும் குறைந்தால் செடி காய்ந்துவிடும். பூஞ்சை வேருக்குள் குடியேறவே மூன்று நான்கு வாரம் பிடிக்கும்.

ஓசூர்ப் பக்கம் சிறிய பசுமைக்குடிலில் ஜெர்பரா நாற்றுகளை வெளிச்சூழலுக்குப் பழக்கிக் கடினப்படுத்தி விவசாயிகளுக்குக் கொடுக்கிறேன். முதல் முறை வேம் இட்டபோது, இட்ட தட்டுக்கும் இடாத தட்டுக்கும் கடுகளவு வித்தியாசம் இல்லை. விற்றவரிடம் போய், "மண்ணைப் பொட்டலம் கட்டி விற்கிறீர்கள்" என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அந்தப் பேச்சு இன்றும் மனதை உறுத்துகிறது.

தாவரவியல் படித்த அக்கா மகள் சில வேர்களை வெட்டி, காரத்தில் வேகவைத்து, நீலச்சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் காட்டினாள். வேருக்குள் ஒன்றுமே இல்லை. "மாமா, நடும்போது எதில் முக்கினீர்கள்?" என்று கேட்டாள். அழுகல் வரக்கூடாதென்று கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்கியிருந்தேன். போதாக்குறைக்கு வாரம் இரண்டு முறை 19:19:19 உரம் வேறு (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது). பூஞ்சைக்கொல்லியில் தோய்ந்த வேரில் பூஞ்சை எப்படி ஏறும்? மண்ணிலிருந்து மணிச்சத்தைத் தேடிக் கொடுத்து, கூலியாகச் செடியிடம் சர்க்கரை வாங்கிப் பிழைக்கும் உயிர் அது. மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் செடி அதை உள்ளே விடுவதில்லை.

அடுத்த பருவம் வேரை முக்கவில்லை. ஒவ்வொரு குழியிலும் வேருக்கு அடியில், வேரைத் தொடும்படி வேம் வைத்தேன். மேலே தூவினால் பயனில்லை. மணிச்சத்து உரத்தை வெகுவாகக் குறைத்தேன். ஐந்தாவது வாரம் மறுபடி பார்த்தபோது, வேர்ச் செல்களுக்குள் குட்டி மரங்கள்போல் கிளைவிட்ட நீல உருவங்கள், நடுநடுவே உருண்டைப் பைகள். பூஞ்சை வேருக்குள் குடியேறிவிட்டதன் அடையாளம் அவை. தட்டிலிருந்து நாற்றைத் தூக்கினால் நார்க்கழிவு உதிராமல் கட்டியாக வந்தது. வயலுக்குப் போன பிறகும் அந்தச் செடிகள் சுணங்கவில்லை.

ஐந்நூறு செடியை வைத்து முடிவு சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் விஞ்ஞானி அல்ல, என் குடிலில் கண்டதைச் சொல்கிறேன். பூஞ்சைக்கொல்லி இல்லாவிட்டால் அழுகல் வராதா என்றும் கேட்பார்கள். வரலாம். அதனால்தான் செடியின் குருத்து புதையாமல் நட்டு, நீர் தேங்காமல் பார்த்துக்கொள்கிறேன். நோய் கண்ட தட்டுக்கு மருந்து கொடுக்கத்தான் வேண்டும்.

   

ஜெர்பராவோ அந்தூரியமோ என்றால் தயங்காமல் வேம் இடுங்கள். கார்னேஷன் வைத்திருந்தால் வாங்காதீர்கள், அந்தக் குடும்பத்துச் செடிகள் பெரும்பாலும் இந்தப் பூஞ்சையோடு சேர்வதில்லை. ஆர்க்கிட்டுக்குத் துணைபோவது வேறு வகைப் பூஞ்சை. இந்தப் பொட்டலம் அதற்கு உதவாது.