பழைய கார், பெட்ரோல் பம்ப், பைப்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கார்ப்ரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் பாகம்) வைத்த பழைய கார்களில், டேங்கிலிருந்து அதற்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் பற்றி வந்த கேள்விகள் இவை. பாதிப் பேர் "எந்தப் பம்ப் வாங்கலாம்" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். பம்பைக் குறை சொல்வதற்கு முன் டேங்கிலிருந்து அதுவரை வரும் பாதையைப் பாருங்கள்.

சார், இருபது நிமிடம் ஓடியதும் வண்டி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. புது பம்ப் போட்டும் அப்படியேதான்.

அடுத்த முறை நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அப்புறம் வண்டி ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்கில் வெற்றிடம் உண்டாகிறது, பம்பால் அதை எதிர்த்து இழுக்க முடியவில்லை.

மூடி சரியாக இருந்தால் இந்தச் சோதனை. காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிடுங்கள், ஸ்பார்க் வரக்கூடாது. கார்ப்ரேட்டரில் பைப்பைக் கழற்றி, நீளமான ஹோஸ் மாட்டி, எஞ்சினை விட்டுத் தள்ளி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். பெட்ரோல் விட்டு விட்டுப் பலமாகப் பீய்ச்சினால் பம்ப் நன்றாக இருக்கிறது. குமிழி வந்தால் டேங்க் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது. அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால், எஞ்சின் ஓடும்போது ஓட்டை இருந்தாலும் வெளியே சொட்டாது. அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. பலமில்லாமல் வந்தால், பம்பின் உள்வாயில் புது ஹோஸ் மாட்டி, தனி கேனிலிருந்து இழுக்க விடுங்கள். இப்போது நன்றாக வந்தால் பம்ப் குற்றவாளி இல்லை. பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், அல்லது டேங்கின் துரு பைப்பில் சேர்ந்திருக்கும்.

ஆயில் அளவு ஏறிக்கொண்டே போகிறது. பெட்ரோல் வாசனையும் வருகிறது.

வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினோடு சேர்ந்த மெக்கானிக்கல் பம்ப் என்றால், அதன் உள்ளே உள்ள டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்து, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் பெட்ரோல் இறங்கியிருக்கலாம். கார்ப்ரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை (ஃப்ளோட்) மாட்டிக்கொண்டாலும் இப்படி ஆகும், அதையும் பாருங்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. பழுதைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

எந்த ஹோஸ் வாங்குவது அண்ணா?

மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக் குறியீடு அச்சடித்திருக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரை உள்ளிருந்து கெடுக்கும். வெளியே பளபளப்பாகத் தெரிவதை நம்பாதீர்கள்.

புது பம்ப் சரியாக உட்காரவில்லை. போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாமா?

கூடாது. பம்பின் லீவரைத் தள்ளும் கேம், அதன் மேட்டில் நிற்கிறது. எஞ்சினைக் கையால் சுற்றிப் பள்ளத்துக்குக் கொண்டுவாருங்கள், தானாக உட்காரும். லீவர் கேமின் சரியான பக்கத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள பேக்லைட் துண்டு பழையதன் கனத்திலேயே இருக்கட்டும். கனம் கூடினால் வீச்சு குறைந்து பெட்ரோல் பற்றாது, குறைந்தால் லீவர் அடிபடும்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் போடலாமா? பெட்ரோல் ஓடுவது தெரியும்.

வேண்டாம். சூட்டில் இறுகி, கழன்றுகொள்ளும்.

எந்த ஹோஸ் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன். ஆர்9.

மெக்கானிக்கலைத் தூக்கிவிட்டு எலக்ட்ரிக் பம்ப் போட்டுவிட்டேன். எல்லோரும் அதையே செய்யலாம்.

இதற்குக் கீழே, "அது காரின் ஒரிஜினல் தன்மையைக் கெடுக்கிறது" என்று இன்னொருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். மோரிஸ் மைனர், எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் கார்கள் தொழிற்சாலையிலிருந்தே எஸ்.யு. நிறுவனத்தின் எலக்ட்ரிக் பம்போடுதான் வந்தன. அதனால் அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. என் கவலை வேறு. எஞ்சின் நின்றால் மெக்கானிக்கல் பம்ப் நின்றுவிடும். எலக்ட்ரிக் பம்ப், விபத்தில் பைப் அறுந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனெர்ஷியா ஸ்விட்ச் கட்டாயம்.

"கார்ப்ரேட்டர் பக்கத்திலேயே வைத்தேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறார் முதலாமவர். ரோட்டரி வகை எலக்ட்ரிக் பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் பலவீனம். டேங்க் பக்கம், தாழ்வாக வையுங்கள். அழுத்தத்தையும் பாருங்கள். சிறிய கார்களின் கார்ப்ரேட்டர் பலவற்றுக்கு 2 முதல் 4 பி.எஸ்.ஐ. போதும். இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் 40-க்கு மேல் தரும், கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். "பழைய பம்பையும் லைனிலேயே விட்டிருக்கிறேன், துணைக்கு" என்கிறார் மூன்றாமவர். தயவுசெய்து இன்றே அதை லைனிலிருந்து எடுங்கள். அதன் டயாஃப்ரம் கிழிந்தால் எலக்ட்ரிக் பம்ப் டேங்க் பெட்ரோலைச் சம்ப்புக்குள் தள்ளும்.

துருப்பிடித்த பைப்புக்குப் பதில் செம்பு பைப்?

செம்பு அதிர்வில் இறுகி விரிசல் விடும். செம்பு-நிக்கல் கலவை அல்லது எஃகு போடுங்கள். ஹோஸ் மாட்டும் முனையில் மேடு எழுப்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நழுவும். சைலன்சர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஆர்9 கட்டாயமா?

கட்டாயம்.

கார்ப்ரேட்டர் டியூனிங்?

அதற்குத் தனியாகக் கேளுங்கள்.

நாளை வேலை செய்யப் போகிறேன். கராஜில் குழி இருக்கிறது, வசதியாக இருக்கும்.

குழியில் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில்தான் தேங்கும். வெளியே காற்றோட்டத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின், பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். குண்டு பல்பு விளக்கு கூடாது. பெட்ரோல் தீக்கான அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடித்ததும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, மறுபடி ஒற்றுங்கள்.